யாருக்கு ‘ங்க’ இல்லை

8.7.96, திங்கள்

காலையிலிருந்து ஒரே காற்று. துடியலூர் மெயின் ரோட்டில் குடை மடங்கிக்கொண்டது. மழை என்றும் சொல்ல முடியாது, வெறும் சாரல். கொடியில் போட்ட சேலை பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில். வீட்டுக்காரம்மா சரசக்காதான் கம்பு வைத்து எடுத்துக் கொடுத்தாள்.

9-பி பிள்ளைகளுக்கு இன்று இரண்டாவது படம். பம்பாய்ச் சேரியில் இருக்கும் தமிழர்களைப் பற்றியது. குழாயடியில் ஒருத்தன் ‘மதராசி’ என்று சொல்லி நம் ஆட்களின் குடத்தைக் காலால் தள்ளுகிறான். வகுப்பே கொதித்துவிட்டது. “திருப்பி அடிக்கோணுமுங்க மிஸ்” என்று நாலைந்து குரல். போன வாரம் ஆனைகட்டி மலைவாசிகள் படத்தில், அவர்கள் கிழங்கு தோண்டித் தின்பதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்ததும் இதே கும்பல்தான். அதைக் கேட்டேன். பிரியா மட்டும் எழுந்தாள்.

“அது வேறங்க மிஸ்.”

“என்ன வேற?”

யோசித்தாள். “அது அவங்க. இது நாம.”

சொல்லிவிட்டு அவளே முகம் சுளித்தாள். இந்த ஒரு சுளிப்புக்காகத்தான் இத்தனை பாடு. சமூக அறிவியல் புத்தகத்தில் ‘வேற்றுமையில் ஒற்றுமை’ என்று ஒரு பக்கம் இருக்கிறது. மனப்பாடம் செய்து ஐந்து மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். முகம் சுளிப்பதில்லை.

வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், பூட்டு ஒன்று, பல்வலி மாத்திரை.

9.7.96, செவ்வாய்

காற்று நிற்கவில்லை.

மூன்றாவது காசெட்டைப் பார்க்க மதியம் டி.வி. அறைக்குப் போனேன். ஸ்டெல்லா அனுப்பியது. கல்லூரியில் என் ரூம்மேட், இப்போது மதுரையில் வீடியோ படம் எடுக்கும் குழுவில் இருக்கிறாள். காசெட்டோடு ஒரு சீட்டு: ‘இதைப் போடுவதற்கு முன் முழுசாப் பாத்துடுடி. கொஞ்சம் பக்கத்துல வர்ற படம்.’ பத்து நிமிடம் பார்த்தேன். அதற்குள் பத்தாம் வகுப்பு வந்துவிட்டது. டீக்கடை. பெஞ்சில் உட்காருகிறவர்களுக்குக் கண்ணாடி டம்ளர், வெளியே குத்தவைத்திருப்பவர்களுக்குக் கொட்டாங்குச்சி. ‘கொங்குப் பகுதியில் ஒரு கிராமம்’ என்று மட்டும் எழுத்து வருகிறது. கிளுவை வேலி, வறண்ட மேய்ச்சல் காடு, கொம்பு வளைந்த மாடு. காங்கேயம் பக்கம்தான் என்று பார்த்ததும் தெரிந்தது. காங்கேயம் பக்கம் எல்லா ஊரும் இப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மாலையில் சரசக்கா இட்லி மாவு கொண்டுவந்தாள். உட்கார்ந்துவிட்டாள். மறுபடி அதே கேள்வி.

“ஏனுங்க டீச்சர், கேக்கோணும் கேக்கோணும்னு இருந்தேன். நீங்க என்ன கூட்டமுங்க?”

கூட்டம் என்றால் குலம். இவர்களுக்குள் அதைத் தெரிந்துகொண்டால்தான் ஒறம்பரை, அதாவது சொந்தம், என்ன முறை என்று பிடிபடும். “அதெல்லாம் எங்கப்பாவுக்குத்தானுங்க தெரியும்” என்றேன். போன வருடமும் இதையேதான் சொன்னேன். சிரித்துக்கொண்டாள். படித்த பிள்ளைகளுக்கு இதெல்லாம் எங்கே தெரிகிறது என்று அலுத்துக்கொண்டாள்.

நான் பொய் சொன்னதில்லை. ஆறு வருடத்துக்கு முன் வேலைக்கு வந்தபோது கரஸ்பாண்டென்ட் எந்த ஊருங்க என்றார். காங்கேயமுங்க என்றேன். “அட, நம்ம பக்கமுங்க” என்று அவரே மிச்சத்தை நிரப்பிக்கொண்டார். நான் திருத்தவில்லை. அவ்வளவுதான். இந்த வாடகை வீட்டுக்கும் அவர்தான் சொல்லிவிட்டார்.

இந்த நோட்டில்கூட இதுவரை எழுதியதில்லை, எழுதிவிடுகிறேன். அப்பா பண்ணையத்து ஆள். வீடு ஊருக்குள் இல்லை, வெளியே எங்கள் சனத்து வளவில். ஊர்த் தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பவர். சர்ட்டிபிகேட்டில் பழனிச்சாமி. ஊரில் பழனான்.

எழுதியதும் எழுந்து போய்க் கதவு தாழ் போட்டிருக்கிறதா என்று பார்த்தேன்.

11.7.96, வியாழன்

எழுத்து கோணல்.

மூன்றாவது பீரியட். படம் போட்டேன். முதல் பத்து நிமிடம் நான் பார்த்ததுதான். பிள்ளைகள் பம்பாய்ப் படத்துக்குக் கத்தியது போல் கத்தவில்லை. கிளுவை வேலியைப் பார்த்ததும் ஒருத்தன் “எங்க அமிச்சி ஊராட்ட இருக்குது” என்றான், அம்மாவைப் பெற்ற பாட்டியைச் சொல்கிறான். பதினோராவது நிமிடமோ பன்னிரண்டாவதோ. டீக்கடைக்கு வெளியே முதுகு காட்டி ஒருவர் குத்தவைத்திருக்கிறார். தோளில் சிவப்புக் கோடு போட்ட துண்டு. அந்தத் துண்டு நான் வாங்கிக் கொடுத்தது. திரும்புவதற்கு முன்பே தெரிந்துவிட்டது.

அரைடவுசர் போட்ட ஒரு பையன், பத்து வயதிருக்கும், தின்பண்டம் தின்றுகொண்டே வருகிறான். “பழனா, இங்க வாடா. அப்பா கூப்புடுது.”

“வந்துட்டனுங்க சாமி.”

அப்பா எழுந்தார். கொட்டாங்குச்சியைக் கழுவிக் கூரையில் செருகினார். காமெராவைப் பார்த்துச் சிரித்தார்.

கரண்ட் போய்விட்டது. இந்த ஊர்க் காற்றுக்குக் கும்பிடு போட வேண்டும். எங்கோ ஒயர் அறுந்து, சாயங்காலம் வரை வரவில்லை.

இருட்டில் ஐம்பது பிள்ளைகள். “மிஸ், அப்புறம் என்னாச்சுங்க மிஸ்?” நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லிக் காசெட்டை எடுக்கப் போனால், கரண்ட் இல்லாமல் அது எப்படி வெளியே வரும். அப்பா மெஷினுக்குள் மாட்டிக்கொண்டார். நாலு மணி வரை டி.வி. அறைச் சாவியைக் கையிலேயே வைத்திருந்தேன்.

யாருக்கும் தெரியாது. எப்படித் தெரியும்? சாடை? எனக்கு அம்மா சாடை. மூக்கு மட்டும் அப்பாவுடையது. கண்ணாடியில் பார்த்தேன். மூக்கு அப்படியேதான்.

12.7.96, வெள்ளி

இரவு தூக்கமில்லை. பால் திரிந்துவிட்டது. கறுப்புக் காப்பி.

வகுப்பில் மிச்சப் படத்தைக் கேட்டுத் தொல்லை. மெஷின் ரிப்பேர் என்று சொன்னேன். சுத்தப் பொய். பிரியா எழுந்தாள். இவள் அப்பாவுக்கு வடவள்ளிப் பக்கம் தோட்டம், பத்துப் பதினைந்து மாடு.

“மிஸ், அந்தப் பையன் என்னைய விடச் சின்னவன். அந்தத் தாத்தாவுக்கு ஏனுங்க ‘ங்க’ போடல? ஆனா அவரு அவனுக்குப் போடறாரு.”

நாங்கள் நாய்க்குட்டியிடம்கூட ‘வாங்க’ என்று கொஞ்சுகிற ஊர். பஸ்ஸில் காலை மிதித்தவனைத் திட்டினாலும் ‘ங்க’ போட்டுத் திட்டுகிற ஊர். மெட்ராஸ்காரர்கள் இதைச் சொல்லித்தான் நம்மைப் புகழ்வார்கள். நான் இருபத்தொன்பது வருடம் இந்தச் சொல்லுக்குள்ளேயே இருந்தும் இப்படி எடுத்து வைத்துப் பார்த்ததில்லை. அவள் பார்த்துவிட்டாள்.

பேச்சைப் படத்திலிருந்து திருப்ப வேண்டும், அவ்வளவுதான் எனக்கு அப்போது. அவசரத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன்: “சனி ஞாயிறு ரெண்டு நாள், உங்க வீட்ல யாருக்கு ‘ங்க’ இருக்கு, யாருக்கு இல்லைன்னு கேட்டு எழுதிட்டு வாங்க.” நல்ல வீட்டுப்பாடம் என்று அந்த நிமிடம் எனக்கே பெருமை வேறு.

நாலு மணிக்கு மேல் தனியாக உட்கார்ந்து மிச்சத்தைப் பார்த்தேன். ஒலியை நன்றாகக் குறைத்து.

படமெடுக்கும் பெண்ணின் குரல் கேட்கிறது: “உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களாய்யா?”

அப்பா துண்டை உதறித் தோளில் போடுகிறார். “இல்லைங்க.”

“யாருமே இல்லையா?”

“யாருமில்லைங்க. நான் ஒண்டிக்கட்டைங்க.”

மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். மூன்று முறையும் இல்லைங்க என்றுதான் சொல்கிறார்.

14.7.96, ஞாயிறு

மாதத்தில் இரண்டாவது ஞாயிறு. அப்பா காங்கேயம் பஸ் ஸ்டாண்டில் நிற்பார், நான் போவேன். இது எங்கள் ஏற்பாடு. அம்மா போன பிறகு இப்படித்தான். துடியலூருக்கு வரவேண்டாம் என்று நான் அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. வாருங்கள் என்றும் சொன்னதில்லை.

பல்லடம் தாண்டியதும் வெயில். மழை எல்லாம் அந்தப் பக்கத்தோடு சரி.

“சௌக்கியமுங்களா” என்றார். நாலு பேர் பார்க்கிற இடத்தில் எனக்கே ‘ங்க’ போடுவார். டீச்சருக்கு மரியாதையாம். பழக்கடைக்குப் பின்னால் ஒதுங்கியதும்தான், “இளைச்சுபோட்டியே கண்ணு. சோறு ஆக்கித் திங்கறயா இல்லையா?”

நான் நேராகக் கேட்டுவிட்டேன். “காமெரா வெச்சுக்கிட்டு யாராச்சும் வந்தாங்களாப்பா?”

“வந்தாங்க கண்ணு. மாசி நோம்பி சமயத்துல. நல்ல புள்ளைக. எனக்கு ‘ங்க’ போட்டுப் பேசுனாங்க.” அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு வெட்கம்.

“எதுக்குப்பா யாருமில்லைன்னு சொன்னீங்க?”

பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “அது அதுல வருதா?”

“வருது.”

“புள்ள டீச்சருன்னா எந்த ஊரும்பாங்க. ஊரச் சொன்னா எந்தப் பள்ளிக்கூடம்பாங்க. உன்ற பொழப்புல மண்ணு உழுகோணுமா? ஒரு வார்த்தைதானே. சொல்லிபோட்டேன்.”

“உங்களுக்கு சங்கடமா இல்லையா?”

“அவங்க அக்கட்டால போனதுக்கப்புறம் ஒரு மாதிரியாத்தான் இருந்துது” என்றார். பிறகு, “அந்தப் புள்ள பாவம், கண்ணத் தொடைச்சுக்கிட்டுப் போச்சு. ஏமாத்திபோட்டமேன்னு இருந்துது.”

அப்பா, அந்தப் படம் என் பள்ளிக்கூடத்தில் ஓடுகிறது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. பயந்துவிடுவார். எனக்கு இருக்கிற பயம் ஒருத்திக்குப் போதும். பஸ் கிளம்பும்போது ஜன்னலுக்கு வெளியே நின்று சத்தமாக, “போயிட்டு வாங்க டீச்சர்” என்றார். வழியெல்லாம் அழுகை. பக்கத்து சீட்டுப் பெண் மயக்கமா என்று கேட்டு எலுமிச்சம்பழம் கொடுத்தாள்.

15.7.96, திங்கள்

ஐம்பது நோட்டு. மேஜையில் அடுக்கிவைத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் இங்கே எழுதி வைக்கிறேன்.

– ‘அப்பா தாத்தாவுக்கு ங்க. அம்மா அப்பாவுக்கு ங்க. அப்பா அம்மாவுக்கு இல்லை.’ (இது கிட்டத்தட்ட எல்லா நோட்டிலும்.)

– ‘கேஸ் சிலிண்டர் அண்ணாவுக்கு உண்டு. குப்பை அண்ணாவுக்கு இல்லை. இரண்டு பேரும் அண்ணாதான்.’

– ‘எங்கள் கடைக்கு வரும் பாய்க்கு நேரில் உண்டு. அவர் போன பிறகு இல்லை.’

– பிரியா (அய்யன் என்பது அவள் அப்பா): ‘எங்கள் அய்யன் காளையிடம் நட சாமி என்பார். அதற்குச் சாணி அள்ளும் தாத்தாவை டேய் என்பார். தாத்தா எல்லாருக்கும் ங்க போடுகிறார். எனக்கும் போடுகிறார். அவருக்கு யாரும் போடவில்லை. நானும்தான். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ங்க போட்டேன். அவர் பயந்துவிட்டார். அய்யன் என்னைத் திட்டினார்.’

– பெயர் எழுதாத ஒரு தாள்: ‘மிஸ், கரஸ்பாண்டென்ட் சாருக்கு ங்க. டைப்பிஸ்ட் அக்காவுக்கு ங்க. ஆயாவுக்கு இல்லை.’

கடைசியதைப் படித்ததும் முகம் எரிந்தது. உண்மைதான். ‘ஆயா, தண்ணி கொண்டா.’ ‘ஆயா, இந்த பெஞ்சத் தொடை.’ அந்தம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். பெயர்கூடத் தெரியாது. நான், பழனானின் மகள்.

நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இல்லை, கொடுக்கவே கூடாது. வீட்டுக்குப் போனால் பெரியவர்கள் படிப்பார்கள். பீரோவில் வைத்துப் பூட்டினேன். பிரியா வீட்டில் ஏற்கெனவே கிளம்பிவிட்டது. அது எங்கே போய் நிற்கும்?

16.7.96, செவ்வாய்

ஆடி ஒன்று. தேங்காய் சுடும் நோம்பி. காலையிலேயே தெருவெல்லாம் புகை.

பள்ளிக்கூடம் அரைநாள். பதினோரு மணிக்குக் கரஸ். கூப்பிட்டார். (முழுதும் எழுதக் கை வலிக்கிறது.) எண்ணெய் மில்காரர். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

“வாங்க டீச்சர், உக்காருங்க. காப்பி சாப்பிடறீங்களா?”

வேண்டாமுங்க என்றேன்.

“ஒரு அப்பா ஃபோன் பண்ணுனாருங்க. அவரு பொண்ணு சாணி அள்ளறவனுக்கு ‘ங்க’ போட்டுதாமுங்க. போட்டது மட்டுமில்லீங்க, ஏன் நீங்க போடறதில்லைன்னு அய்யனையே கேட்டுதாமுங்க. ஒறம்பரை நாலு பேரு உக்காந்திருக்கறப்ப.”

“பாடத்துக்காகக் குடுத்ததுங்க சார்.”

“பாடம் சொல்லிக் குடுங்க. வேண்டாங்கல. ஊட்டுக்குள்ளார எதுக்குங்க வாரீங்க?” காப்பியைக் கலக்கினார். “நீங்களும் நம்ம பக்கத்து ஆளு. உங்க அப்பாகிட்ட யாராச்சும் இப்படி வந்து கேட்டா உங்களுக்கு எப்படீங்க இருக்கும்?”

“சங்கடமாத்தானுங்க இருக்கும்” என்றேன். இதை எழுதும்போது சிரிப்பு வருகிறது. அங்கே வரவில்லை.

வெள்ளிக்கிழமை கமிட்டி. ஐந்து பேர். பிரியா வீட்டில் படத்தைப் பற்றியும் சொல்லியிருக்கிறாள்; கமிட்டிக்கு அதைப் போட்டுக் காட்ட வேண்டுமாம். பார்த்துவிட்டு முடிவு செய்வார்களாம், படத்தையும், சொல்லாமல் விட்டாலும் புரிந்தது, என்னையும். எழுந்து வரும்போது கடைசியாக ஒன்று: “கமிட்டியில ஒருத்தரு காங்கேயத்துக்காரருங்க. எந்த ஊருன்னு பாத்ததும் சொல்லிபோடுவாரு.”

சாயங்காலம் சரசக்கா சுட்ட தேங்காய் கொண்டுவந்தாள். வெல்லமும் அவலும் எள்ளும் போட்டு வெந்தது, ஓட்டோடு இரண்டாக உடைத்து. “சூட்டோட சாப்பிடுங்க டீச்சர்” என்று பாதி ஓட்டைக் கையில் வைத்தாள். கரிந்த கொட்டாங்குச்சி. சாப்பிட முடியவில்லை. பல்வலி என்று சொல்லிவிட்டேன்.

17.7.96, புதன்

இன்று செய்ய இருந்ததை எழுதிவிட வேண்டும்.

காசெட்டின் முதுகில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதை உடைத்துவிட்டால் அந்த காசெட்டில் மேலே எதுவும் பதிய முடியாது. ஸ்டெல்லா உடைத்துத்தான் அனுப்பியிருக்கிறாள். ஆனால் அந்தப் பள்ளத்தின் மேல் செல்லோ டேப் ஒட்டினால் மெஷின் ஏமாந்துவிடும். நேற்று ராத்திரி முழுக்க இதே யோசனை. மூன்று நிமிடம் போதும். அப்பா குத்தவைத்திருக்கும் இடத்திலிருந்து ஒண்டிக்கட்டை வரை. வெறும் புள்ளி புள்ளியாகப் பதிந்துவிட்டால், கரண்ட் போனபோது டேப் கெட்டுவிட்டதுங்க என்று சொல்லிவிடலாம். எவனுக்குத் தெரியும்.

நாலரைக்கு அறையைச் சாத்திக்கொண்டேன். டேப் ஒட்டினேன். நகத்தால் நன்றாகத் தேய்த்தேன். ஓட்டி, அந்த இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். டி.வி.யில் அப்பா பாதி திரும்பிய முகத்தோடு நடுங்கிக்கொண்டு நின்றார். பதிவுப் பட்டனில் விரல். சிவப்புப் பட்டன்.

கதவு திறந்தது. விளக்குமாற்றோடு ஆயா.

நான் அணைக்க வேண்டும். அணைக்கவில்லை, கை வரவில்லை. ஆயா டி.வி.யைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி டி.வி.யை. மூக்கைத்தான் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. பிறகு குனிந்து பெருக்க ஆரம்பித்துவிட்டாள்.

“நா ஒண்ணும் பாக்கலீங்க டீச்சர்” என்றாள் தரையைப் பார்த்து.

பெஞ்சில் உட்கார்ந்தேன். கேட்க வேறெதுவும் வராமல், “உங்க பேரு என்னங்க?” என்றேன்.

“பேருங்களா?” நிமிர்ந்தாள். “அதெதுக்குங்க இப்ப?”

“சும்மாத்தானுங்க.”

“வெள்ளையம்மாங்க.” கொஞ்சம் பெருக்கினாள். “என்ற மருமகன் மில்லுல வேலை. அங்க யாரு கேட்டாலும் மாமியா செத்துபோச்சுன்னுதான் சொல்லுவாப்ல. நல்ல பையன்தானுங்க. என்ன பண்றது.”

பெருக்கி முடித்துக் குப்பையை அள்ளிக்கொண்டு போய்விட்டாள். செல்லோ டேப்பை உரித்தேன். நகக்கண்ணில் ரத்தம் வந்தது. தைரியத்தால் உரிக்கவில்லை, அதையும் எழுதி வைக்கிறேன். அந்தம்மாவுக்குத் தெரிந்துவிட்டது, அதனால் உரித்தேன். பயம் இப்போது இரண்டு மடங்கு.

18.7.96, வியாழன்

பிரியா இன்று பள்ளிக்கு வரவில்லை.

எதையும் தின்ன முடியவில்லை. என்னென்ன நடக்கலாம்: 1. வேலை போகும். 2. இந்த வீடு போகும். 3. காங்கேயத்துக்காரர் ஊருக்குப் போய்ச் சொல்வார், அப்பாவை டீக்கடைப் படத்துக்காகப் பண்ணையத்தில் பிடித்துக்கொள்வார்கள். மூன்றாவது தோன்றியதும் முதல் இரண்டும் அற்பமாகிவிட்டன. ஸ்டெல்லாவுக்கு எஸ்.டி.டி. போட்டேன், எடுக்கவில்லை.

ஆர்.எஸ்.புரம் தையல்காரர் ரவிக்கையைக் கை இறுக்கமாகத் தைத்துவிட்டார். நாளைக்கு இதைத்தான் போட வேண்டும். வேறு இல்லை.

19.7.96, வெள்ளி

மணி ஐந்தே முக்கால். வெளிச்சம் இருக்கிறது. நடந்ததை நடந்தபடி.

மூன்று மணிக்குக் கமிட்டி. ஐந்து நாற்காலி, தட்டில் பிஸ்கட். கரண்ட் போகவில்லை. இன்றைக்குப் பார்த்துக் காற்றும் இல்லை. வெள்ளையம்மாக்கா தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றுகொண்டது.

டீக்கடை. மாடு. துண்டு. “பழனா, இங்க வாடா.” காங்கேயத்துக்காரர் முன்னால் சாய்ந்தார்.

“அட, இவன் பழனானில்லீங்க? சந்தையில பாத்திருக்கறேன். நம்ம மாமன் தோட்டத்துக்குப் பக்கத்துப் பண்ணையத்து ஆளு.”

அவ்வளவுதான், தீர்ந்தது என்று நினைத்தேன். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

படத்தில் அந்தப் பெண் கேட்கிறாள், அப்பா சொல்கிறார்: யாருமில்லைங்க. நான் ஒண்டிக்கட்டைங்க.

“ஆமாமுங்க” என்றார் காங்கேயத்துக்காரர் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு. “ஆளில்லாத கெழடு. பாவம், செத்தா எடுத்துப்போடக்கூட நாதியில்லை.”

கரஸ். தலையாட்டினார். “பாவம்தானுங்க. ஆனா இதப் போயி சின்னப் புள்ளைகளுக்கு எதுக்குங்க காட்டோணும்? சரி, டீச்சர் தெரியாமப் பண்ணிப்போட்டாங்க. இத்தோட உட்டுபோடலாம். என்னங்க டீச்சர்?”

முடிந்தது. யாருக்கும் தெரியவில்லை. நான் தப்பித்துவிட்டேன். வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது. ‘சரிங்க சார்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அப்பாவும் ஒரு வார்த்தைதானே என்றுதான் சொல்லிவிட்டு வந்தார்.

“இருக்குதுங்க” என்றேன்.

“என்னங்க இருக்குது?”

“அவருக்குப் பொண்ணு இருக்குதுங்க. நான்தானுங்க.”

பிஸ்கட் கடிக்கிற சத்தம் நின்றது. டி.வி.யில் படம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. யாரும் அணைக்கவில்லை. கரஸ். என்னைப் பார்த்தார். கோபம் என்று சொல்ல முடியாது. ஆறு வருடக் கணக்கு ஒன்றை மனசுக்குள் திரும்பக் கூட்டிப் பார்க்கிற முகம். பிறகு அதே மெல்லிய குரலில் சொன்னார்.

“சரி. நீ போ. அப்புறம் சொல்லியுடறேன்.”

நீ போ. குரல் உயரவேயில்லை. அதைச் சொல்ல அவர் ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை.

கதவோரம் வெள்ளையம்மாக்கா வழிவிட்டது. “பாத்துப் போங்க டீச்சர், படி ஈரமா இருக்குது” என்றது. காசெட்டை எடுக்க மறந்துவிட்டேன். அது மெஷினுக்குள்ளேயே கிடக்கிறது.

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. அப்பாவிடம் இதை நான்தான் முதலில் சொல்ல வேண்டும். நாளைக்கு முதல் பஸ். பஸ் ஸ்டாண்டில் இறங்கி நிற்காமல், நேரே வளவுக்கு.

அரைமணி நேரத்துக்கு முன் கீழே சரசக்கா வீட்டு ஃபோன் அடித்தது. நெடுநேரம் பேச்சு. சரசக்கா ‘ம்’ கொட்டியது மட்டும்தான் மேலே கேட்டது. அப்புறம் ஃபோனை வைக்கிற சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை.

இப்போது படியில் செருப்புச் சத்தம். அவள்தான். எப்போதும் கீழ்ப்படியில் கால் வைக்கும்போதே ‘ஏனுங்க டீச்சர்’ என்று குரல் வந்துவிடும். பாதிப் படி ஏறிவிட்டாள், குரல் வரவில்லை. நான் எழுந்து தாழை எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். வாசலுக்கு வந்துவிட்டாள். கூப்பிடப்போகிறாள். எப்படி என்று